கடைசி வரி

கோப்பைத் திறந்துவிட்டு
எழுந்து போய்த் தேநீர் போடலாம்.
கப்பைக் கழுவி வைத்துத் திரும்பினாலும்
வெளுத்துப்போன திரையில்
வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும்,
மேலே 'பதிலளிக்கவில்லை' என்ற எழுத்தோடு.

டர்பன், அம்கேனி சாலை, மூன்றாம் மாடி.
தகரக் கூரையில் குரங்குகள் ஓடுகின்றன.
மடிக்கணினியின் விசிறி
புறப்படாத பஸ் மாதிரி உறுமுகிறது.

நகரத்தின் வடக்கே உள்ள தண்ணீர் மீட்டர்கள்
மாதாமாதம் சொன்ன எண்கள் இவை.
மூன்று வருஷமும் ஒரே கோப்பில்.
ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சூத்திரம்,
ஒவ்வொன்றும் அடுத்த தாளுக்குப் போய்
முதல் வரியிலிருந்து தேடிவிட்டு வருகிறது.
ஓர் எண்ணைத் திருத்தினால் போதும்,
மொத்த ஊரும் எழுந்து நின்று
தன்னை மறுபடி கூட்டிப் பார்க்கிறது.

தானாகக் கணக்கிடுவதை நிறுத்தினேன்.
பாடையாச்சி சார் போன வருஷம் அடித்த மஞ்சளையும்
அதற்கடியில் யாரோ அடித்திருந்த பச்சையையும்
வாடகை வீட்டுச் சுவர் போலச் சுரண்டி எடுத்தேன்.
பதினெட்டு நிமிஷம் பதினொன்றானது.

கை சும்மா இருந்ததால்தான்
அந்தச் சின்னப் பெட்டியைப் படித்தேன்.
'கோப்பு முழுமையாக ஏற்றப்படவில்லை.'
கீழே ஒரே பொத்தான்: சரி.
ஒவ்வொரு மாதமும் வரும்.
ஒவ்வொரு மாதமும் சரி என்றிருக்கிறேன்.
வேறு பதிலே வைக்காமல் கேட்டால்
மனுஷி என்ன சொல்வாள்?

கன்ட்ரோலோடு கீழ் அம்பை அழுத்தினேன்.
ஒரே பாய்ச்சல்.
10,48,576.
அதற்குக் கீழே கட்டங்கள் இல்லை.
வைலட் தெரு, எண் 31,
அதுவும் ஆகஸ்ட் வரைதான்.

வாட்டில் தெரு இல்லை. ஸின்னியா தெரு இல்லை.
யாரோ தெரு இல்லை.
(அது ஒரு பூவின் பெயர்,
தமிழில் படித்தால்தான் இப்படி.)

மாதம் ஒன்று கூடக்கூட
எல்லோருக்கும் ஒரு வரி கூடுகிறது,
கடைசியில் இருப்பவர்கள் விழுகிறார்கள்.
விளிம்பு மேலே ஏறிக்கொண்டே வருகிறது.
எங்கள் தெரு 'டி'யில் தொடங்குகிறது.
எனக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது என்று
கணக்குப் போட்டேன். போட்டது நான்தான்.

பக்கத்து மேஜை நொம்புமெலேலோவுக்கு
வீடு யாரோ தெருவில், எண் ஒன்பது.
கிறிஸ்துமஸ் சமயத்தில், கறி பன்னிச் சௌ ரொட்டியைப் பிய்த்தபடி
"தண்ணீர் பில் வரவே மாட்டேங்குது" என்று சிரித்தவள்.
மே மாதம் குழாயில் காற்று மட்டும் வந்தது.
பதினோராம் நாள் வரை போன் செய்தாள்.
அப்படி ஒரு விலாசம் இல்லையே அம்மா என்றார்கள்.
ஆபீஸ் தொட்டியில் வாளி பிடித்துப்போனாள்.
நானே தூக்கி விட்டேன், லிப்ட் வரை.
அப்போதும் என் திரையில்
இதே கோப்புதான் திறந்துகொண்டிருந்தது.

சொல்லிவிட்டேன்.
திறக்காமலே இரண்டாக வெட்ட வேண்டும்,
அரை மணி வேலை.
வெட்டினால் பதினான்கு மாசத்து பில்லும்
ஒன்றாக வந்து நிற்கும்.

அவள் விரல் விட்டு எண்ணினாள்.
ஜூலுவில் ஏதோ முணுமுணுத்தாள், பிரார்த்தனை மாதிரி இல்லை.
"வெட்டு," என்றாள்.
"ஆனா பாடையாச்சிகிட்ட தவணை கேக்குறது நீ."

இரண்டு மணிக்கு மின்வெட்டு.
பேட்டரி இருபத்து மூன்று சதவீதம்.
இரண்டாம் பாதி நாலே நிமிஷத்தில் வந்துவிட்டது.
நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

யாரோ தெரு, 9.
ஒரு மாதம்கூட விடவில்லை.
பதினான்கு, பன்னிரண்டு, பதினைந்து,
மே மாதத்தில் எட்டு.
அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எட்டின் மேல் அவள் விரல் வைத்தாள்.
பேட்டரி பத்தொன்பது.
சேமிக்கவா என்று கேட்டது.
இந்தப் பெட்டியில் மூன்று பொத்தான்கள்.