சவள் நின்ற இடம்

ஸ்காபரோவில் எங்கள் மாடியில் மட்டும்
பதினொரு தமிழ்க் கதவுகள்.
யார் வீட்டில் மீன், யார் வீட்டில் சண்டை
என்று மூக்கும் காதும் சொல்லிவிடும்.
வாடகை மூன்றாம் முறை ஏறிய மாதம்
சேந்தன் வரைபடத்தில் விரலை மேற்கே இழுத்தான்.
ஏரி முடிந்து, காடு முடிந்து,
நகம் களைத்து நின்ற இடம் பிராண்டன்.
"வீடு வாங்கலாம்" என்றான்.
"ஆக்கள்?" என்றேன்.
"ஆக்கள் எல்லா இடமும் இருப்பினம்."

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் எனக்கு இரவு வேலை.
பெயர் அட்டையைப் பார்த்து மேற்பார்வைக்காரி
என்ன அர்த்தம் என்று கேட்டாள்.
இளவேனில் என்றால் வசந்தம், என்றேன்.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.
அவள் சிரித்த சிரிப்பில்
மடித்து அடுக்கிய போர்வைகள் சரிந்தன.

பள்ளியில் பாடமாக்கிய பொழுதுகள் ஆறு.
முன்பனி உண்டு, பின்பனி உண்டு.
அந்தப் பனி புல்நுனியில் நிற்பது.
கதவை உதைத்துக்கொண்டு
ஐந்து மாதம் கிடக்கும் இதற்கு
ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

நாங்கள் வாங்கியது அரை வீடு.
மற்ற அரையில் ஒரெஸ்ட் கோசாக்,
முப்பது வருடம் ரயிலில் வேலை செய்தவர்.
சுவருக்கு அப்பால் அவர் இருமினால்
எங்கள் தேத்தண்ணியில் வளையம் விழும்.
நாலு மாதமாய் ஒரு சொல் கதைத்ததில்லை.
இரண்டு வாசலுக்கும் பாதை ஒன்று.
பனி கொட்டிய காலையில்
அவர் பாதியை வழித்துவிட்டுப் போவார்.
பாதி என்றால் பாதி:
அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல்
எங்கள் பக்கம் ஒரு வெள்ளை மதில் நிற்கும்.
"எங்கட வேலிச் சண்டை
மனிடோபா வரை வந்திட்டுது" என்றேன்.

ஒரு விடியப்புறம் அவர் எழும்பமுன்
நான் சவளை எடுத்தேன்.
வேலை முடிந்து வந்த கை
இன்னும் இயந்திரத்தின் தாளத்தில் இருந்தது.
நிறுத்த மறந்து
ஒரு சாண் அவர் பக்கம் போய்விட்டேன்.
மறந்துதான். பெருந்தன்மை ஒன்றுமில்லை.

அடுத்த பனிக்கு
கோடு எங்கள் பக்கம் இரண்டு சாண் தள்ளி நின்றது.

நான் கடன் வைப்பவள் இல்லை.
மூன்று சாண்.
அவர் நாலு.
ரெஜைனா தாண்டி லொறி ஓடும் சேந்தன்
போனில் முதலில் கேட்பது
"இண்டைக்குக் கோடு எங்கே?"
பிள்ளை இல்லாததைப் பற்றி,
வங்கிக் கடனைப் பற்றி, அவன் தம்பியைப் பற்றி
கதைக்க வேண்டியிருந்தது.
கோட்டைப் பற்றிக் கதைத்தோம்.

மாசியில் ஒரு நாள், மத்தியானம் வரை
அவர் பக்கம் ஒரு சப்பாத்துத் தடமும் இல்லை.
காரின் மூக்கில் தொங்கும் மின்கயிறு
செருகாமல் பனிக்குள் கிடந்தது.
சுவரில் காதை வைத்தேன். இருமல் இல்லை.
ஸ்காபரோ என்றால் பதினொரு கதவு தட்டியிருப்பேன்.
இங்கே ஒன்றுதான்.
தட்டினேன். பிறகும் தட்டினேன்.
பிறகு வேறென்ன செய்வதென்று தெரியாமல்
முழுப் பாதையையும் வழித்தேன்,
படியை, தபால்பெட்டியின் தலையை,
அவர் காரின் கூரையை.
மின்கயிற்றைச் செருகினேன்.
கண்ணீர் இமையிலேயே உறைந்தது;
அழவில்லை என்றும் சொல்லலாம்.

பின்னேரம் மகளின் காரில் வந்து இறங்கினார்,
வின்னிபெக்கில் கண் சத்திரசிகிச்சை,
ஒரு கண்ணில் வெள்ளை மூடி.
மற்றக் கண்ணால் பாதையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"யார் செத்தது?" என்றார்.

அதுதான் என்னோடு அவர் பேசிய முதல் வசனம்.
நான் பெயரைச் சொன்னேன். அர்த்தம் கேட்கவில்லை.
"இள..." என்று தொடங்கி,
மீதி நாளைக்கு என்பதுபோல் கையை அசைத்து
உள்ளே போனார். இருமினார்.

சேந்தனுக்கு எழுதினேன்:
இண்டைக்குக் கோடு இல்லை.
வெகு நேரம் கழித்து, எங்கோ டீசல் அடிக்கும் இடத்திலிருந்து
பதில் வந்தது:
அப்ப இனி என்னத்தைக் கதைக்கிறது?