விடு

பதினோரு வருஷம் என் முதுகை மட்டுமே பார்த்தவன்
தவசிங்.
நான் அவன் சத்தத்தை.

பெண் வலையோரம், ஆண் பின்னால்.
யாரும் எழுதிவைத்த விதியில்லை,
ஆனாலும் எந்த ஊர் அரங்கிலும்
அப்படித்தான் நின்றோம்.
அவன் வலது ஷூ ஒருதரம் கிறீச்சிட்டால் டிராப்.
மூச்சை உள்ளே இழுத்தால் ஸ்மாஷ்.
ஒன்றுமே கேட்காவிட்டால்
அவனுக்கு எட்டவில்லை,
அடுத்ததற்கு நானே ஓட வேண்டும்.

எங்கள் பாஷையில் மூன்றே சொல்:
எனக்கு. உனக்கு. விடு.
விடு என்றால் மட்டை தாழும்,
காக்கு என் உச்சிவகிட்டைத் தாண்டிப் போகும்.
ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மற்ற நாட்களில் நான்
நெல்லை ஜங்ஷன் பார்சல் ஆபீசில்
கருப்பட்டிச் சிப்பத்துக்கு ரசீது போடுகிறவள்.
'பூப்பந்தாம்மா?'
'இல்ல சார், இறகுப்பந்து.'
'ரெண்டும் ஒண்ணுதானே.'
பெரிய மதினிக்கு வேறு கவலை:
'கூட வெளாடுத பய யாருட்டி?
ஆட்டத்துக்கு மட்டும்தானா?'
ஆமா மதினி, ஆட்டத்துக்கு மட்டும்தான்.
அது எவ்வளவு பெரிய மட்டும் என்று
அவளுக்கு எப்படிச் சொல்ல.

கட்டாக், ராய்ப்பூர், குவாஹாட்டி.
ஒலிபெருக்கியில் பேச்சியம்மாள் ஆகிய நான்
பெச்சி அமல் ஆனேன்.
முதல் சுற்று, முதல் சுற்று, காலிறுதி,
ஒரே ஒருமுறை இறுதி.
பரிசுப்பணத்தை பிளாட்பாரத்தில் வைத்துப் பிரித்தோம்,
ஒற்றையாய் மிஞ்சிய ஐம்பது ரூபாய்க்கு
டீயும் வடையும்.
விடியலில், ஊர் நெருங்குகையில்
அறுத்த வயலில் வாத்துக்கூட்டம்.
'காக்குக்கு பதினாறு இறகும்
ஒரே பக்கத்துச் சிறகுலதான் எடுப்பாங்களாம்.
ரெண்டு பக்கமும் கலந்தா
நேரா போவாதாம்' என்றான்.
போகும் போகும் என்றேன், தூக்கத்தில்.

தேர்வுக்குழு ஒரு வரியில் முடித்தது.
அவனுக்கு ஹூப்ளிப் பெண், பத்தொன்பது வயது,
என்னைவிட அரை அடி உயரம்.
எனக்குத் தென்காசிப் பையன்,
ஒவ்வொரு சர்வீசுக்கு முன்னாலும்
'அக்கா, போடட்டுமா?'

ஆடி மாசம். பாளையங்கோட்டை அரங்கம்.
மேற்கு ஜன்னல் வழியே சாரல் காற்று
காக்கைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிவிட்டது.
வலைக்கு அந்தப்பக்கம் தவசிங்.
அவன் ஆடும் முகத்தை
அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
ஸ்மாஷுக்கு முன் இடது கண்ணைச் சுருக்குகிறான்.
நாக்கு நுனியைக் கடிக்கிறான்.
தப்பாய் அடித்துவிட்டால்
உதடு அசைகிறது,
யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.
இத்தனை நாளும்
என் முதுகிடமா கேட்டிருக்கிறான்?

மூன்றாவது செட், பதினெட்டுக்குப் பதினெட்டு.
நான் தூக்கியது குறைந்துபோனது.
ஹூப்ளிப் பெண் மட்டையை உயர்த்துகிறாள்.
பின்னாலிருந்து அவன்:
'விடு.'

தமிழ் தெரியாத பெண்ணுக்கு
அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்திருக்கிறான்.
விட்டாள்.
நானும் விட்டேன்.
என் மட்டை தன்பாட்டுக்குத் தாழ்ந்து நிற்க
காக்கு என் காதோரம் போய்
கோட்டின் மேல் விழுந்தது.
'அக்கா?' என்றான் தென்காசிப் பையன்.

பதினெட்டு, இருபத்தொன்று.
வலைக்கு மேல் கைகுலுக்கினோம்.
அவன் உள்ளங்கையில் காய்ப்பு
எந்த இடத்தில் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
'நீ எதுக்குட்டி விட்டே?'
சிரித்துக்கொண்டேதான் கேட்டான்,
பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

சனிக்கிழமை மதுரையில் அடுத்த போட்டி.
பையனுக்கு இன்னும்
ஒரு சொல்லும் கொடுக்கவில்லை நான்.
புதிய பஸ் ஸ்டாண்டில் தென்காசி வண்டி நகரும்வரை
ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தான்:
'அக்கா, ரெண்டுபேருக்கும் நடுவுல வந்தா
யாரு எடுக்க?'