நூற்று நாற்பத்து நாலாவது கன்று

எக்டேருக்கு நூற்று நாற்பத்து மூன்று என்பது கணக்கு.
தோட்டக்கலை வேனிலிருந்து இறக்கியபோது
எண்ணெய்ப்பனைக் கன்று ஒன்று கூடுதலாக இருந்தது.
"திருப்பிக் கொண்டுபோனா எழுதணும்" என்று
டிரைவர் அதை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

மற்றவை திம்மராயப்பன் நிலத்தில்.
இரண்டாம் கோடையில் அவர் போர்
ஆயிரத்து இருநூறு அடியிலிருந்து புழுதி துப்பியது.
மூன்றாம் கோடையில் அங்கே தக்காளி.

எங்களுடையது குளியலறைக்குப் பின்னால்
குழாய் முடிகிற இடத்தில் நின்றது.
மழைக்காட்டுச் சாதியாம்,
தினமும் மழை வேண்டுமாம்.
ராயக்கோட்டையில் அதற்குக் கிடைத்தது
நாங்கள் நாலு பேர் குளிப்பது.

காலை ஆறரைக்கு ஒரு தூறல், அது நான்.
கெம்பம்மா குளித்தால் மஞ்சள் மழை.
சின்னவன் இரண்டு சொம்போடு ஏமாற்றுவான்.
பெருமழை ரூபவதி:
செல்போன் கம்பெனி பஸ் இறக்கிவிட,
இரவு ஒன்றே காலுக்கு
முழு ஷிப்டையும் கழுவி ஊற்றுவாள்.
ஷிப்ட் மாறும் வாரம்
மரத்துக்குப் பருவம் மாறும்.

ஐந்தாம் வருடம்
முள்மட்டைகளின் இடுக்கில் ஒரு குலை.
அடியில் ஆரஞ்சு, நுனியில் கறுப்பு,
நீறு பூக்காத கங்கு.
கடைத் தராசில் பதினோரு கிலோ.
ஆலைக்குப் போன் செய்தேன்.
"எத்தனை டன்?"
"ஒரு மரம்."
சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை.
"வெட்டின மறுநாளே ஆட்டிரணும் சார்,
இல்லாட்டி வீணாயிரும்."

நான் ரேஷன் கடையில் பாமாயில் கொடுப்பவன்.
அட்டைக்கு ஒரு பாக்கெட்.
பதினாறு வருடத்தில் ஒரு நாளும்
அது எந்தக் காட்டிலிருந்து வருகிறதென்று
நினைத்ததில்லை.
கைரேகை விழாதவர்களிடம்
"விரலைத் துடைச்சிட்டு வைங்க" என்பேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு அண்டாவில் வேகவைத்து,
உலக்கையால் இடித்து,
பழைய வேட்டியில் முறுக்கினோம்.
அரை டம்ளர் வந்தது.
குங்குமம் கரைத்த சிவப்பு.
"இதையா இத்தனை நாள்
வெளுக்க வச்சுக் குடுத்தீங்க?"
என்னைக் கேட்டாள் கெம்பம்மா,
நான்தான் வெளுத்ததுபோல.
ஒரே ஒரு வடை சுட்டாள்.
கேரட்டும் ஈரமண்ணும் சேர்ந்த வாசம்.
ஆளுக்குக் கால் வடை.

போன மாதம் ரூபவதிக்கு
ஓசூரிலேயே ஹாஸ்டல் கிடைத்தது.
நல்லதுதான், பஸ்ஸில் தூங்கி விழ வேண்டாம்.

மரத்தில் இப்போது
மூன்று குருத்துகள் விரியாமல்
மூடிய குடைகள் போல் நிற்கின்றன.

நேற்று விழிப்பு வந்து
மணி பார்த்தேன். ஒன்று இருபது.
துண்டை எடுத்தேன்.
"இந்நேரத்துக்கு என்ன குளியல்?"
இருட்டுக்குள்ளிருந்து கெம்பம்மா.

புழுக்கம் என்றேன்.
நாலு பக்கெட்.