பதினேழுக்குப் பதினேழு

நாள் முழுக்க
அரிசிக் குறுணியை விடச் சிறிய திருகாணிகளை
இடுக்கியால் எடுத்து வைப்பவள் நான்.
பீல் நகரத்துக் கைக்கடிகாரங்களில்
எத்தனை என் மூச்சை அடக்கிப் பூட்டியவை என்று
கட்டியிருப்பவர்களுக்குத் தெரியாது.
அதனால்
‘இருப்பதிலேயே சின்னது, மேடம், பதினேழுக்குப் பதினேழு’ என்று
கடைப் பையன் கையை விரித்துக் காட்டியபோது
சிரிப்பு வந்தது.
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
எனக்கு அது உதைபந்தாட்ட மைதானம்.

ஆனால் சப்பாத்து அலுமாரியின் கீழ்த்தட்டு
அந்த மைதானத்தை விட மூன்று விரல்தான் அகலம்,
அதுவும் ஆரபியின் பனிச் சப்பாத்தை
மேலே ஏற்றிய பிறகு.
வேறு இடம் இல்லை.
பத்து மணிக்கு மேல் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே
கீழ்வீட்டு மதாம் ரோசெலே
உடுப்புத் தோய்க்கும் அறையில் கடிதம் ஒட்டுவா.
விசிறி இரைந்தால் வக்கீலே வருவார்.

மூன்று பலகைகள். மூன்று இரவுகள்.
சமையலறை மேசையில் கணக்குக் கொப்பி.

முதலாவது மலிவு. நூற்றிப்பத்து பிராங்.
வட்டுச் செருக இரண்டே வாய்.
இரண்டாவதுக்கு ஆறு வாய், பெரிய வயிறு,
சும்மா இருக்கும்போதே முப்பது வாட் தின்னும்.
சும்மா இருப்பதற்குச் சாப்பாடு போட்டு
எனக்கு எட்டு வருசப் பழக்கம் உண்டு. போதும்.

(நிரூபனைப் பற்றி அப்படி எழுதக் கூடாது.
நல்ல தகப்பன்.
வரியை அடிக்காமல் விடுகிறேன், அவ்வளவுதான்.)

மூன்றாவதுக்கு நாலு வாய். விசிறி இல்லை;
சூட்டைக் கலைக்க ஒரு தடித்த அலுமினியச் சீப்பு.
‘மூளை ஒட்டியபடியே வரும்,’ என்றான் பையன்,
‘பிறகு கழற்றி வேறு போட ஏலாது.’
மாற்ற முடியாதது என்று
முன்கூட்டியே சொல்லி விற்கிறார்கள்.
நல்ல வழக்கம்.

தமிழில் தாய்ப்பலகையாம்.
நான் மதர்போர்டு என்றே சொல்கிறேன்.
வீட்டில் ஏற்கெனவே ஒரு தாய் இருக்கிறாள்,
அவளில் செருகியிருப்பதையே யாரும் எண்ணவில்லை.

நாலு வாய்க்குக் கணக்கு:
படங்களுக்கு ஒன்று. அவற்றின் நகலுக்கு ஒன்று.
ஆரபியின் நீச்சல், பள்ளி நாடகம்,
பல் விழுந்த நாள், இவற்றுக்கு ஒன்று.
நாலாவது
கலியாண வீடியோ, ஏழு மணித்தியாலம்.
‘உன்னிடமே இருக்கட்டும்’ என்று அவன் எழுதினான்.
அதே சொற்களை நான்
ஒரு மணித்தியாலம் முன்பே அவனுக்கு அனுப்பியிருந்தேன்.
ஆக, நாலு.

இவ்வளவும் ஒரு கரடிக்காக.

வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் ஏழு தரிப்பு,
ஆரபி அப்பா வீட்டுக்குப் போவாள்.
படம் பாதியில் நித்திரை வரும்.
ஞாயிறு இங்கே வந்து
‘எந்த இடத்தில் விட்டேன்?’ என்று கேட்பாள்.
எனக்குத் தெரியாது. நான் அங்கே இருக்கவில்லை.
முதலிலிருந்து போடுவோம்,
அவள் பாதிக்கு வரமுன் மறுபடி தூங்கிவிடுவாள்.
ஒரு முழு மாரிகாலம்
அந்தக் கரடி மலையேறி முடிக்கவில்லை.

வியாழன் இரவு மூன்றாவதைப் பூட்டினேன்.
வெள்ளி அங்கே, அவனுடைய திரையில்,
என் சப்பாத்து அலுமாரியிலிருந்து படம் ஓடியது.
பச்சை விளக்கு மின்ன மின்ன
அவர்கள் சிரிக்கும் இடத்தை ஊகித்தபடி
நான் இங்கே வெங்காயம் அரிந்தேன்.
பிறகு விளக்கு அமைதியானது.
தூங்கிவிட்டாள்.

ஞாயிறு இரவு.
நாற்பத்தேழாவது நிமிசம்.
அங்கே தூக்கிய காலை
கரடி இங்கே பனியில் வைத்தது.
ஆரபிக்கு ஆச்சரியமே இல்லை.
ஒரே தெருவுக்கு ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று எனப்
பெயர்ப்பலகை மாட்டும் ஊரில் பிறந்தவள்.
‘அம்மா, மறைக்காதே,’ என்றாள்.

ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது.
தொழிற்சாலை என்றால்
முழுவதையும் கழற்றிப் பார்த்திருப்பேன்.
உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.