விலங்கின் பெயர்

கே.ஜி. சாவடியில் என் கடை.
ஆதார் திருத்தம், பட்டா நகல், கலர் ஜெராக்ஸ்.
லாட்டரி வேண்டுமென்றால் வாளையார் பாலம் தாண்ட வேண்டும்.

சென்னியப்பன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.
செருப்பில் ஈரமண்.
"காட்டுக்குள்ள பூந்துருச்சுங்க" என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.
இந்தப் பக்கம் எழுவாய் இல்லாமல்
வந்து போவது ஒன்றுதான்.

படிவத்தைத் திறந்தேன்:
வனவிலங்குகளால் பயிர்ச்சேதம், இழப்பீடு கோரி.

விலங்கின் பெயர்?
"பேரா? அந்த அளவுக்குப் பழக்கமில்லீங்க."
யானை என்று தட்டினேன்.
எங்கிருந்து வந்தது?
"காட்டுலருந்துதான்."
எங்கே நுழைந்தது?
"காட்டுலதான்."

இரண்டு கட்டத்திலும் ஒரே சொல்.
திரை சிவந்தது:
விவரங்கள் பொருந்தவில்லை. மீண்டும் முயல்க.

அவருக்குக் காடு என்றால்
வானம் பார்த்த ரெண்டு ஏக்கர் சோளம், ஒரு தகர ஷெட்,
கொள்ளு போட்டுக் கெட்டுப்போன ஒரு வருஷம்.
வனத்துறைக்கு, எண்போட்ட கல்லுக்கு அந்தப் பக்கம்.
மேற்கே கொஞ்சம் போனால் அதே சொல்
ஒரு ஜில்லாவின் வாலாக
பஸ் போர்டில் தொங்குகிறது.
என் அப்பாவை எரித்த இடத்துக்கும் அதுதான் பெயர்,
முன்னால் கொஞ்சம் சூடு சேர்த்து.

எனக்கு?
பதினாறு கவிதைகளில் எழுதியிருக்கிறேன்.
காட்டுத்தீயாய் ஒரு முத்தம். காட்டாறாய்க் கோபம்.
'எனக்குள் ஒரு வனம்', இது மட்டும் மூன்று முறை.
கட்டற்ற மொழி என்று பாராட்டிக் கடிதம்கூட வந்தது.
அவற்றை எழுதிய இரவுகளில்
கதவைத் தாழிட்டு, கொசுவத்தி ஏற்றி,
ஒற்றுப்பிழை பார்த்து
வரிகளை இடப்பக்கம் நேராக நிறுத்தியிருந்தேன்.

"ஒன்றரை ஏக்கர்னு போடுங்க.
கதிர் புடிச்சது பூராம் போச்சு.
ஓரத்து வரிசைய மட்டும் விட்டுருச்சு."
ஏன்?
"அத அதுகிட்டத்தான் கேக்கோணும்."

பட்டாசு போடலையா?
அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தீப்பெட்டிய எடுத்துட்டேன்.
தகரத்துக்கு அந்தப் பக்கம் அது நிக்குது,
இந்தப் பக்கம் நான்.
மூச்சு விடுறது கேக்குது.
செரி, நானும் விட்டேன்.
ரெண்டு மணி இருக்கும், வாளையார்ல ரயில் கூவுச்சு.
அது காதைத் திருப்புன மாதிரி இருந்துச்சு.
அப்புறம் எட்டிப் பாத்தா
இருட்டு மட்டும் நிக்குது."

அதிகம் பேசிவிட்டவர் போல
அவசரமாகக் கைபேசியை நீட்டினார்.
சாய்ந்த தட்டைகள். பிடுங்கி எறிந்த வேலிக்கல்.
கடைசியாக ஒரு தடம்,
அதில் மழைத்தண்ணீர்,
தண்ணீருக்குள் கைபேசியின் வெளிச்சம்.

படம் இருநூறு கேபிக்கு மேல் ஏறாது.
சுருக்கினேன். போதவில்லை. இன்னும் சுருக்கினேன்.
யாரோ குழந்தை வைத்த கட்டைவிரல் ரேகை மாதிரி
ஆனபிறகு ஏற்றுக்கொண்டது.
முதல் கட்டத்தில் வனம் என்று மாற்றினேன்,
இரண்டாவதில் விளைநிலம்.
திரை பச்சையானது.

ஒப்புகைச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"விளைநிலம்னு போட்டிருக்கீங்க."
அப்படிப் போட்டால்தான் எடுக்கும்ங்க.
"எடுத்துக்கட்டும். ஆனா அது காடுதான்."

அறுபது ரூபாய்க்குப் பையைத் துழாவியதில்
வெடிக்காத பட்டாசு மேசையில் விழுந்தது.
அவர் எடுக்க மறந்தார்.
நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஸ்டேப்ளர் பக்கத்தில் இருக்கிறது இன்னும்,
நமத்துப்போயிருக்கலாம்.
இன்றிரவு எதுவும் எழுதவில்லை.
ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு
விளக்கணைத்து நின்றேன், தகரத்துக்கு இந்தப் பக்கம்.
எர்ணாகுளம் லாரி ஒன்று கியர் மாற்றிப் போனது.
பிறகு ஒரு நாய்.
பிறகு, அது என்னுடையதுதானா என்று தெரியவில்லை,
ஒரு மூச்சு.