பெறுநர்

பிரேக் போட்டால் லாரி நிற்பதற்கு
எங்கள் காடாம்புலியூர் முந்திரி ஓடும் ஒரு காரணம்.
ஓட்டைப் பிழிந்தால் எண்ணெய்,
எண்ணெயைக் காய்ச்சினால் பிசின்,
பிசின் இறுகிப் பொடியாகி
சக்கரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
இதை இங்கிலீஷில் நாற்பத்தியொரு கம்பெனிக்குச் சொல்வது
என் வேலை.
மாதம் பதினோராயிரம், மதியச் சாப்பாடு, ஒரு பழைய லேப்டாப்.

எல்லாருக்கும் ஒரே கடுதாசி அனுப்பாதே என்றார் தனகோடி அக்கா.
கல்யாணப் பத்திரிகைகூட
பேர் எழுதிக் கொடுத்தால்தானே வருகிறார்கள்.
ஆகவே ஆளுக்கு நான்கு நிமிடம் தேடுவேன்.
ராஜ்கோட்காரர் புது ஷெட் போட்டிருக்கிறார்: வாழ்த்து.
ஃபரிதாபாத்காரர் மகள் சி.ஏ. பாஸ்: அதற்கும் வாழ்த்து.
ஓசூர்க்காரர் தன்னைப் பற்றி எங்கேயும் எதுவும் போடவில்லை.
அவருக்கு மட்டும் மழையைப் பற்றி எழுதினேன்.

தானே புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்த கதையை
ஒரு பத்தியாகச் சேர்த்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது.
அக்கா தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.
"எடுத்துடு.
பாவம் பாத்து வாங்குறவன் ரெண்டாவது தடவ வாங்க மாட்டான்.
ஈரப்பதம் எத்தனன்னு போடு."

புனே விலாஸ் பாட்கருக்கு எழுதியதுதான்
எனக்கே பிடித்த கடிதம்.
டிசம்பரில் மாரத்தான் ஓடியிருக்கிறார்.
நெஞ்சில் நம்பர் குத்திய படம், வாயெல்லாம் பல்.
நான்கு மணி ஐம்பத்தோரு நிமிடம்,
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாவது ஆள்.
பட்டியலில் துழாவி எடுத்து எழுதினேன்.
கூடவே ஒரு வரி:
ஓடுகிறவருக்குத்தான் நிற்பதன் அருமை தெரியும்.
அனுப்பிய பிறகு அதை நானே மூன்று முறை படித்தேன்.
எதிர்க்கடையில் டீ சொல்லிக் குடித்தேன்.

பதில் வராதது மஞ்சள். வேண்டாம் என்றது சிவப்பு.
பச்சைக்கு இன்னும் வேலை வரவில்லை.
பத்தாம் நாள், வறுக்கிற புகை ஜன்னலில் ஏறிய நேரம்,
பாட்கரின் முகவரியிலிருந்து வந்தது.

"அண்ணன் பிப்ரவரியில் இறந்துவிட்டார்.
மாரடைப்பு, ஃபேக்டரி கேட்டுக்குப் பக்கத்தில்.
அவர் பேருக்கு வருவதை நான்தான் திறக்கிறேன்.
ஓடினார் என்பது எங்களுக்குத் தெரியும்.
எத்தனையாவதாக வந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.
நன்றி.
அரை லிட்டர் சாம்பிள் அனுப்புங்கள்."

அவ்வளவுதான்.
அடியில் அண்ணனின் பதவியும் செல் நம்பரும்
தாமாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தன.
அந்த ஒரு வரியைப் பற்றிப் பேச்சே இல்லை.
படித்திருப்பார்கள்.

"ஆர்டரா?"
முழங்கைவரை சாம்பலோடு அக்கா நிலைப்படியில் நின்றார்.
"சாம்பிள் கேக்குறாங்க."
"அப்ப ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"
பச்சை அடிக்கப் போன விரலை எடுத்துக்கொண்டேன்.

பாட்டில் கழுவி, வெயிலில் கவிழ்த்து, நிரப்பி,
மூடியைச் சுற்றி நாலு சுற்று டேப்.
பண்ருட்டியிலிருந்து கூரியர் பையன் வர அரை மணி.
சீட்டில் அனுப்புநர் எழுதிவிட்டேன்,
கதவு எண், பின்கோடு எல்லாம்.
பெறுநரில் பேனா நின்றது.
செத்தவர் ஓடிய நிமிடம் எனக்குத் தெரியும்.
இருக்கிறவர் தம்பியா தங்கையா,
அதுகூடத் தெரியாது.

லேப்டாப்பைத் திறந்தேன்.
வாழ்த்து இல்லை, மழை இல்லை, ஈரப்பதம் இல்லை.
இதுவரை எழுதியதில் ஆகச் சின்னக் கடிதம்:
உங்கள் பெயர் என்ன?

வெளியே பையன் ஹாரன் அடித்தான்.
இரு தம்பி, என்றேன்.