திரும்பும் நாள்

குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில்
எனக்குத் தினக்கூலி,
ஓர் ஆரஞ்சுச் சட்டை,
கம்பி உடைந்த குடை.

மே மாதம்.
வண்டிகளின் வால் இரண்டாவது வளைவைத் தாண்டிப் போகிறது.
ஏறுவதற்கு முன்பே ஸ்வெட்டர் போட்டுவிட்ட பிள்ளைகள்
கண்ணாடி வழியே என்னைப் படம் எடுக்கிறார்கள்.
இ-பாஸைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்கிறேன்.
வரும் நாள். தங்கும் இடம். காரணம்.
திரும்பும் நாள், கட்டாயம் நிரப்ப வேண்டும்.
நிரப்பாவிட்டால் மலை திறக்காது.

அரசுப் பேருந்துக்குப் பாஸ் வேண்டாம்,
பிளாஸ்டிக் மட்டும் பார்க்க வேண்டும்.
ஏறினேன்.
மூன்றாவது சன்னலோரம் காத்தாயி.
(பெயர் பிறகு தெரிந்தது, காகிதத்தில்.)
மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"இது கூடாதும்மா."
"தண்ணி பாட்டில் இல்லியே தம்பி."
"ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக் தடை."
"அம்பது வருசமா இதுலதான் வச்சிருக்கேன்."

பின்னால் பெங்களூருக் கார் ஹாரனை விடவில்லை.
கீழே நின்று மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.
வாங்கிக்கொண்டேன்.

உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாக அவள் எடுத்தாள்.
சிலேட்டில் எண் பிடித்து வரிசையாய் நிற்கும் ஒரு குடும்பம்.
மண்டபம் முகாமின் முத்திரை.
எல்லாம் தேயிலைத் தூளின் நிறம்.
ஒன்று மட்டும் புத்தம்புது வெள்ளை:
முப்பத்தொன்றாம் தேதிக்குள்
தோட்டக் குடியிருப்பைக் காலி செய்யவும்.

அட்டனில் பிறந்தவள்.
அங்கே கள்ளத்தோணி என்றார்களாம்,
இங்கே சிலோன்காரி.
அட்டையில் மட்டும் மரியாதையாக
"தாயகம் திரும்பியவர்".
பத்து வயது வரை பார்த்தேயிராத ஊருக்கு
ஒருத்தி எப்படித் திரும்புவாள்?
எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன்.
கட்டம் இருந்தால் ஏதாவது எழுதியாக வேண்டும்,
அது எனக்குத் தெரியும்.

சாவடி ஓரத்தில் ஓர் இயந்திரம்,
பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும்.
நடத்துநர் போஜன் தோல்பையைத் துழாவி
நாணயம் எடுத்துக் கொடுத்தார்.
விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.
இரண்டாவது குத்துக்குப் பை விழுந்தது.
அதில் அச்சடித்திருந்ததை
அவள் எழுத்துக்கூட்டி
முதல் சொல்லை மட்டும் வாசித்தாள்:
மீ... ண்... டும்.

தூறல் பிடித்துக்கொண்டது.
துணிப்பை நனையும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும்.
நான் குடையை நீட்டினேன்.
பேருந்துக்குள் இருப்பவளுக்குக் குடை எதற்கு?
அவள் சிரிக்கக்கூட இல்லை.
பையை நாலாக மடித்துச் சேலைக்குள்
வயிற்றோடு செருகிக்கொண்டாள்.

"எங்கே இறங்குவீங்க?"
கேட்டிருக்கக் கூடாது. வாய் பழகிவிட்டது.
"முப்பத்தொண்ணு வரைக்கும்
கோத்தகிரியிலதான்."

மாலை ஆறுக்கு மூட்டைகளைத் தராசில் ஏற்றினோம்.
பறிமுதல் நாற்பத்தொரு கிலோ.
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அவளுடைய உறை
முள்ளை அசைத்ததா என்று
நான் கவனிக்கவில்லை.